யூஎன், என்ஜிஓ வேலைக்கு வர நினைக்கிறவங்களுக்கு

வருசத்துக்கு நாலஞ்சு பேராவது கேக்கிறாங்க, அக்கா யூஎன்ல வேலை எடுக்க என்ன படிக்கணும் எண்டு. பௌத்தாலோக மாவத்தையால பஸ்ல போகேக்க அங்க இருக்கிற யூஎன் ஒஃபிஸ் கேட்டப் பாத்து வாற ஆசை, எனக்கும் வந்தது தான். டிகிரி வேணும், சமூகவியலோ பொருளியலோ என்னவோ ஒண்டு, ஆனா அத மட்டும் வச்சு ஒருத்தரும் எடுக்கப் போறதில்ல.

முதல்ல ஃபீல்டுக்கு போங்க. சின்ன அமைப்பில சர்வே எடுக்கிற வேலை எண்டாலும் சரி, சம்பளம் கொஞ்சம் தான். நான் நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்தில சர்வே எடுக்கேக்க கையில இருந்த டெப்லட்ல ஒரு கேள்வி, 'உங்கள் மாதாந்த வருமானம் எவ்வளவு?', அதுக்கு ஒரே ஒரு பெட்டி. லயத்து வாசல்ல இருந்த அம்மா சிரிச்சிட்டு, "எந்த மாசம் புள்ள? எத்தன பேர் விழுந்திச்சோ அதப் பொறுத்து தானே" எண்டு கேட்டாங்க. தோட்டத்தில 'பேர்' எண்டா ஒரு நாள் சம்பளம். கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், மழைக்கு வேற கணக்கு, பிடிக்கிறதெல்லாம் பிடிச்சு மிச்சம் தான் கைக்கு. நான் அந்தப் பெட்டிக்குள்ள போட்ட நம்பர் சும்மா ஒரு நம்பர், அது கொழும்புக்கு வந்து ரிப்போர்ட்ல சராசரியாகிட்டுது. பெரிய பேர் வச்சு ஸ்ட்ரெடஜி எண்டு சொல்றாங்களே, அந்த ஒரு பெட்டிய 'போன மாசம் எத்தன முழுப்பேர், எத்தன அரைப்பேர்' எண்டு பிரிக்கத் தெரிஞ்சவங்களத் தான் அந்த வேலைக்கு தேடுறாங்க.

அடுத்தது லொக்ஃப்ரேம், ஒரு புரொஜெக்ட்ட திட்டமிட்டு அளக்கிற அட்டவணை. 1969ல யூஎஸ்எய்டுக்காக (அமெரிக்க அரசாங்கத்திட வெளிநாட்டு உதவி அமைப்பு) செஞ்சது, இன்னும் விட்டபாடில்ல. நாலு நிரல்: என்ன செய்யப்போறம், எத வச்சு அளக்கிறம், ஆதாரம் எங்க, எத நம்பி இதெல்லாம் நடக்கும் எண்டு நினைக்கிறம். கடைசி நிரல்ல எல்லாரும் 'நாட்டு நிலைமை சீரா இருக்கும்' எண்டு கொப்பி அடிச்சு வைப்பாங்க (2022ல பெற்றோல் லைன்ல நிண்டவங்களக் கேளுங்க). 100 பேருக்கு தையல் பழக்கினது அவுட்புட், ஆறு மாசத்துக்குப் பிறகும் அதில எத்தன பேர் தைச்சு உழைக்கிறாங்க எண்டது அவுட்கம். இன்டர்வியூவில சுத்தி சுத்தி இங்க தான் வருவாங்க, சும்மா ஒரு கற்பனை புரொஜெக்ட் வச்சு வீட்டில எழுதிப் பழகுங்க.

சர்வே ஃபோர்ம் செய்யிற கோபோ டூல்பொக்ஸ்ல காசில்லாம கணக்கு திறந்து ஃபோர்ம் செஞ்சு பாருங்க, எக்செல் கட்டாயம். சிங்களம் கதைக்க வராட்டி இப்பவே தொடங்குங்க, மூண்டு மொழியிலயும் மீட்டிங் நடத்தக்கூடிய ஆள் கிடைக்கிறது லேசில்ல.

மாஸ்டர்ஸுக்கு அவசரப்படாதீங்க. பிரித்தானிய அரசாங்கம் குடுக்கிற செவனிங் ஸ்கொலர்ஷிப்புக்கே 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேக்கிறாங்க, ஃபீல்ட்ல இருந்த காலம் அதுக்கும் உதவும்.

காசு யாருடையது, புரொஜெக்ட் எப்ப முடியுது எண்டு கேக்காம கையெழுத்து வைக்காதீங்க. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிப்பாட்டி ஜூலையோட யூஎஸ்எய்டையே மூடினாங்க, அந்தக் காசில ஓடின வேலையெல்லாம் உலகம் முழுக்க ஆடிப்போச்சு. காசு குடுக்கிற ஒரே டோனர நம்பி இருக்கிற இடம் எண்டா ஆறு மாசச் செலவுக்கு காசு சேத்து வைங்க.

சீவியில 'உற்சாகமானவர், குழுவாக இயங்கக்கூடியவர்' எல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு, எந்த மாவட்டம், எத்தன வீடு, எந்த மொழியில கேட்டீங்க எண்டு எழுதுங்க.