எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

எடையைக் குறைக்க மெரினா நடைபாதையில் முக்கால் மணி நேரம் நடந்து முடித்ததும் வாட்ச் 280 கலோரி என்று காட்டுகிறது. வீட்டுக்குப் போகிற வழியில் நெய்ப் பொங்கலும் ஒரு வடையும். நடந்ததற்கும் சாப்பிட்டதற்கும் சரியாகப் போயிற்று என்று தோன்றும். போகவில்லை. அந்தத் தட்டு 500 கலோரியைச் சுலபமாகத் தொடும். நடையில் கூடுதலாகச் செலவானதோ 140 சொச்சம்தான்.

அந்த 140 எப்படி வருகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி ஆகும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்க, அதைப்போல சுமார் மூன்றரை மடங்கு சக்தி செலவாகும். 75 கிலோ எடை உள்ளவருக்கு 75 × 3.5 × 0.75 மணி = 197. ஆனால் அந்த நேரம் சோபாவில் கிடந்திருந்தாலும் 56 கலோரி போயிருக்கும். அது உங்கள் அன்றாடக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது, கழித்துவிட வேண்டும். பல வாட்ச்கள் இதைக் கழிக்காமலேயே காட்டுகின்றன. சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெயிலிலும் புழுக்கத்திலும் அதே வேகத்துக்கே இதயத் துடிப்பு ஏறும். துடிப்பை வைத்துக் கணக்கிடும் வாட்ச் அதைக் கூடுதல் உழைப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரி கணக்கில் இருப்பதிலேயே துல்லியமான கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது.

இதைவிடப் பெரிய தவறு இரட்டைக் கணக்கு. கலோரி கணக்கிடும் ஆப்பில் எடை, உயரம், வயது கொடுத்த பிறகு 'எவ்வளவு உழைக்கிறீர்கள்' என்று கேட்கும். 75 கிலோ, 160 செ.மீ., 40 வயதுப் பெண்ணுக்கு உடல் ஓய்வில் எடுத்துக்கொள்வது சுமார் 1,390 கலோரி. உட்கார்ந்த வேலை என்று போட்டால் அது 1.2 மடங்காகி 1,670 வரும். 'லேசான உடற்பயிற்சி' என்று போட்டால் 1.375 மடங்கு, 1,910. அதாவது நீங்கள் நடப்பதற்கு முன்பே தினமும் 240 கலோரி சலுகை கிடைத்துவிட்டது. அதன்மேல் வாட்ச் சொல்லும் 280-ஐயும் சாப்பிட்டால், எடை இறங்க தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்தக் குறைவில் பெரும்பகுதியைக் கரைத்துவிடுகிறீர்கள். இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்: பயிற்சியைச் சேர்த்துப் போட்டீர்களா, எதையும் திரும்பச் சாப்பிட வேண்டாம். 1.2-ஐத் தேர்ந்தெடுத்தீர்களா, பயிற்சியைத் தனியே பாருங்கள்.

அப்படித் தனியே பார்க்கும்போதும், ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட நடைக்கோ யோகாவுக்கோ எதையும் சேர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பொரியலில் கண்ணளவாக ஊற்றும் எண்ணெய் 15 மி.லி. கூடினாலே 120 கலோரி. நடையின் பலன் அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

நீண்ட ஓட்டம் வேறு கதை. ஒரு கி.மீ. ஓட உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கலோரி. 65 கிலோ ஆள் ஈ.சி.ஆரில் 15 கி.மீ. ஓடினால் ஆயிரத்தை ஒட்டி வரும். இதில் ஒன்றையும் ஈடுகட்டாமல் விட்டால் இரவு தூக்கம் கெடும், மறுநாள் கண்டதையெல்லாம் தின்னத் தோன்றும், அடுத்த ஓட்டத்தில் கால் எழும்பாது. பாதியைச் சாப்பிடுங்கள். நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், இரண்டு அவித்த முட்டை: ஏறத்தாழ 490. மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினாலோ, எடை வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினாலோ பாதி போதாது, கூட்டுங்கள்.

உங்கள் கணக்கு சரியா என்பதை வாட்ச் சொல்லாது, எடை மெஷின் சொல்லும். காலையில் கழிவறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் தினமும் நில்லுங்கள். ஓடி வியர்த்து வந்து ஏறினால் இறங்கியிருப்பது தண்ணீர்தான். முதல் வாரத்தை விட்டுவிடுங்கள், அதிலும் நீர்தான் அதிகம் இறங்கும். அதன்பின் வாரச் சராசரிகளை ஒப்பிடுங்கள். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி. 21 நாளில் 0.9 கிலோ இறங்கினால் 0.9 × 7,700 ÷ 21 = 330. தினமும் உண்மையில் குறைந்தது இவ்வளவுதான். நீங்கள் திட்டமிட்டது 500 என்றால், தினமும் 170 எங்கோ உள்ளே போகிறது. முதலில் திரும்பச் சாப்பிடுவதை நிறுத்திப் பாருங்கள். அப்புறம் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு, கிளைக்கிளசைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் மட்டும் இந்தக் கணக்கைத் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. பயிற்சியோடு சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வியர்வையை வெயிலால் வந்தது என்று விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. வியர்வையோடு கை நடுக்கமும் படபடப்பும் சேர்ந்தால் நடையை நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். எடை குறைக்கத் தொடங்கும் முன்பே மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.