சாயத்தில் ஓர் ஆணி போட்டுப் பாருங்கள்

ரொட்டி, சம்பல், கூடவே கடும் சாயத் தேத்தண்ணி. மலையகத்துப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு பெரும்பாலும் இதுதான். தேயிலையிலுள்ள ‘தனின்’ (tannin) என்ற துவர்ப்புப் பொருள் சாப்பாட்டின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் நன்றாகச் சேர விடாது. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு இது இரட்டை நட்டம்.

சுகாதாரப் பாடம் எடுக்கும் டீச்சர்மாரே, கறள் பிடித்த ஆணியொன்றைக் கடும் சாயத்தில் ஓர் இரவு போட்டு வையுங்கள். தனினும் இரும்பும் சேர்ந்து மறுநாள் மை போலக் கறுத்திருக்கும். அதைக் கண்ட பிள்ளைக்குப் பிரசங்கம் தேவையில்லை. (குடித்துப் பார்க்கவும் ஒருவர் கிளம்புவார், கவனம்!)

தேத்தண்ணியை விடச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். முருங்கையிலைச் சுண்டல், கௌபி, நெத்தலி எதுவானாலும் தேசிக்காய் பிழிந்தோ, பிறகு ஒரு கொய்யாப்பழத்தோடோ சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். பாடசாலையில் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது, வெறும் தண்ணீர்தான்.