டொல்பின் வானில் வோட்டர் பம்பும் ஃபான் கிளச்சும் மாற்றும் முறை

எல்எச் 113 ஹைஏஸை எங்கள் பக்கம் டொல்பின் வான் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஊரில் ஓடுகிறவற்றில் நிறைய வான்களில் இருப்பது டொயோட்டாவின் 3எல் டீசல் எஞ்சின், 2,779 சிசி. நேரத்துக்கு ஒயில் மாற்றினால் வருடக்கணக்கில் உழைக்கும். சூடு மட்டும் அதற்கு ஆகாது. தண்ணீர் கொதித்த பிறகும் ஓடினால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிடும், பிறகு செலவு எங்கேயோ போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஆட்களும் பொதிகளுமாக ஓடுகிற வானில் அந்த ஹெட்டைக் காப்பாற்றுபவை தண்ணீரைச் சுற்றவிடும் வோட்டர் பம்பும், ரேடியேற்றர் வழியாகக் காற்றை இழுக்கும் ஃபானும்தான்.

இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். ஃபானைச் சுற்றவைக்கும் இணைப்பான ஃபான் கிளச் பம்பின் தண்டில்தான் தொங்குகிறது. கிளச்சின் பெயாரிங் தேய்ந்து ஃபான் ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டம் முழுவதும் பம்பின் பெயாரிங்கில் விழும். பழைய கிளச்சில் புதுப் பம்பைப் பூட்டினால் பம்பின் ஆயுள் குறையும். பம்பைக் கழற்ற எப்படியும் கிளச்சைக் கழற்றத்தான் வேண்டும். ஒரே வேலையை இரண்டு தரம் ஏன் செய்வான்?

பழுது எதில் என்று முதலில் பாருங்கள்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். டோர்ச் அடித்துப் பம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்டுக்குக் கீழே ஒரு சிறு துவாரம் இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காக வைத்த துவாரம் அது. அதிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாகவோ, துருநிறமாகவோ, கூலன்டின் (தண்ணீரோடு கலக்கும் குளிரூட்டும் திரவம்) நிறத்திலோ காய்ந்த கோடு இருந்தால் சீல் போய்விட்டது. அந்தத் துவாரத்தைப் பசை வைத்து அடைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பெயாரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்து, ஃபானின் எதிரெதிர் இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பம்பின் தண்டே சேர்ந்து ஆடினால் பம்ப் பெயாரிங் முடிந்தது. அப்படியான வானை ஓட்டவே வேண்டாம், ஃபான் போய் ரேடியேற்றரைக் கிழித்துவிடும். தண்டு அசையாமல் ஃபான் மட்டும் ஆடினால் கிளச்சின் பெயாரிங்.

கிளச்சுக்குள் இருப்பது தடித்த சிலிக்கோன் ஒயில். முன்முகத்தில் சுருள் போல ஒரு உலோகத் தகடு தெரியும். ரேடியேற்றர் வழியாக வரும் காற்று சூடானால் அது விரிந்து உள்ளே வால்வைத் திறக்கும், ஒயில் நிரம்பி ஃபானை இறுக்கிப் பிடிக்கும். நல்ல கிளச்சைக் கையால் சுற்றிவிட்டால் லேசான இழுவையோடு சுற்றிக் கெதியில் நிற்கும். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது முகத்தில் ஒயில் கசிந்து தூசி அப்பியிருந்தால், அது காற்று இழுக்காது. கையால் அசைக்கவே முடியாமல் இறுகியிருந்தால் எப்போதும் இரைந்துகொண்டு டீசலைக் குடிக்கும். ஓடும் ஃபானுக்குள் பேப்பரைச் சுருட்டி விட்டு நிறுத்திப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது, செய்யாதீர்கள்.

சாமான் வாங்கும்போது

எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் பழைய பம்பையே கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: போல்ட் துவாரங்கள், புலி (பெல்ட் ஓடும் சக்கரம்) இருக்கும் தட்டின் உயரம், உள்ளே சுழலும் சக்கரத்தின் ஆழம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். கஸ்கட் (பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒழுகாமல் வைக்கும் தகடு), பெல்ட், தேர்மோஸ்டற் (சூடானதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு), மேல் கீழ் ஹோஸ்கள், கிளிப்புகள் எல்லாம் சேர்த்து வாங்குங்கள். பெல்ட் இரண்டு ஓடும் வான் என்றால் இரண்டையும் சோடியாக மாற்ற வேண்டும். புதுக் கிளச்சைப் படுக்க வைக்காதீர்கள். வானில் நிற்பதுபோல நிமிர்த்தியே வையுங்கள், இல்லாவிட்டால் ஒயில் இடம்மாறிவிடும்.

கழற்றுதல்

முதல்தரம் செய்பவர் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சமதரையில் நிறுத்தி, பின்சில்லுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தினால் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகக் கூடாது. முன்சீற்றைத் தூக்கி எஞ்சின் மூடியைத் திறந்து, பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள்.

ரேடியேற்றர் மூடியைத் திறந்து, அடியில் பேசினை வைத்துத் தண்ணீரை வடியுங்கள். ஃபானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்னே தள்ளிவிட்டு, ரேடியேற்றருக்கும் ஃபானுக்கும் நடுவே ஒரு தடித்த காட்போட் மட்டையைச் செருகுங்கள். ஸ்பானர் ஒருதரம் வழுக்கினாலே ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

பெல்ட்டை உடனே தளர்த்த வேண்டாம். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கிளச்சைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளையும் இளக்குங்கள். புலி கூடச் சுற்றாமல் பெல்ட் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஒல்டனேற்றரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்து, ஃபான், கிளச், கூடு மூன்றையும் சேர்த்து மெதுவாக வெளியே எடுங்கள். புலியும் கையோடு வரும்.

பம்பின் போல்ட்டுகள் ஒரே நீளமில்லை. ஒரு மட்டையில் பம்பின் வடிவத்தைக் கீறி, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையின் இடத்தில் இறுக்கினால் மரை போய்விடும். பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள், இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். டைமிங் பெல்ட் வேறு. இந்த வேலைக்கு அதில் கைவைக்கத் தேவையில்லை.

பம்ப் பொருந்தும் முகத்தைத் துப்புரவாக்குதல்

புதுப் பம்ப் ஒழுகினால் பெரும்பாலும் காரணம் இந்த இடம்தான். பம்ப் இருந்த இடத்தில் எஞ்சினில் தெரியும் துவாரத்துக்குள் துணியை அடைத்துவிட்டு, பழைய கஸ்கட்டைத் தட்டையான பிளேட்டால் சுரண்டுங்கள். அவசரப்பட்டுக் கீறல் போடக் கூடாது. கடைசியில் விரல்நகத்தை ஓட்டிப் பார்த்தால் எங்கும் தடக்கக் கூடாது. நகம் தடக்கும் இடத்தில்தான் நாளைக்குத் தண்ணீர் ஒழுகும்.

அப்போதே துணியை எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை ஹோஸால் விட்டு ரேடியேற்றரையும் எஞ்சினையும் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். துரு மண் உள்ளே கிடந்தால் புதுச் சீலையும் அது அரைத்துவிடும்.

பூட்டுதல்

காகிதக் கஸ்கட் என்றால் இருபுறமும் சீலன்ட்டை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 12 மில்லிமீற்றர் தலையுள்ள போல்ட்டுக்கு ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர் போதும். எஞ்சின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள். புலி, கிளச், ஃபான், கூடு, பிறகு பெல்ட். பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்க வேண்டும். கிளச்சின் நட்டுகளைப் பெல்ட் இறுக்கிய பிறகு கடைசித்தரம் இறுக்குங்கள். ஃபானைக் கையால் முழுச்சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு மட்டையை எடுங்கள்.

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் ரேடியேற்றர் குழாய்களிலும் படிகிறது. வெறும் தண்ணீரில் துருவும் பிடிக்கும், பம்பின் சீலும் கெதியில் தேயும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பதை வாங்கினால் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

மெதுவாக ஊற்றி, பற்றரியைப் பூட்டி, ஹீற்றரைச் சூட்டில் விட்டு, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸை அமத்தி அமத்தி விட்டால் குமிழிகள் வரும். தேர்மோஸ்டற் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்பி மூடுங்கள். கை, சட்டை, துணி எதுவும் ஃபானுக்குக் கிட்டப் போகக் கூடாது. புதுக் கிளச் ஸ்டார்ட் பண்ணியவுடன் சிறிது நேரம் இரையும், பிறகு அடங்கும், அது பழுதல்ல.

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். புதுப் பெல்ட் இளகும், ஒரு வாரத்தில் மறுபடி இறுக்குங்கள். வடித்த பழைய கூலன்டைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது நஞ்சு. போத்தலில் அடைத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.