பிள்ளை எந்த வகுப்பில் சேரும்? பிறந்த தேதியிலிருந்து கணக்குப் பாருங்கள்

வெளிநாட்டுப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் 'வகுப்பு' என்ற இடத்தில், ஊரில் முடித்த வகுப்போடு ஒன்றைக் கூட்டி எழுதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பல நாடுகளில் பள்ளி முதலில் பார்ப்பது பிறந்த தேதியைத்தான்.

2015 அக்டோபர் 10-இல் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் நடுவில் அந்தப் பிள்ளை இங்கிலாந்தில் இருந்தால் இயர் 5. ஸ்காட்லாந்தில் பிரைமரி 6. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கிரேட் 5. செப்டம்பர் 1-க்குள் வயது நிறைய வேண்டும் என்று எல்லைத் தேதி வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில் கிரேட் 4. சிங்கப்பூரில் பிரைமரி 4, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இயர் 4. இந்த இரண்டு இடங்களிலும் அப்போது கல்வியாண்டே முடியப்போகிறது.

காரணம் எல்லைத் தேதி. இங்கிலாந்தில் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஒன்ராறியோவிலும் பிரான்சிலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. தொடங்கும் வயதும் மாறுகிறது: இங்கிலாந்தின் இயர் 1 வயதில் அமெரிக்கப் பிள்ளை இன்னும் கிண்டர்கார்டனில்தான் இருக்கும். லண்டனிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் எண்ணில் ஒன்று குறைவதைப் பார்த்து, பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முதல் ஆண்டில் சேர, அந்த வருடம் நியூ சவுத் வேல்ஸில் ஜூலை 31-க்குள்ளும் விக்டோரியாவில் ஏப்ரல் 30-க்குள்ளும் 5 வயது நிறைய வேண்டும். அந்த முதல் ஆண்டின் பெயர் ஓரிடத்தில் கிண்டர்கார்டன், இன்னோரிடத்தில் பிரெப். கல்வியாண்டு தொடங்குவது ஜனவரி கடைசியில்.

பிரான்சில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் 'ஆறாவது'. அதிலிருந்து ஐந்து, நான்கு, மூன்று. ஆகவே அங்கே 'மூன்றாவது' என்றால் 14, 15 வயதுப் பிள்ளை. இந்த நான்கு ஆண்டுகளும் நடக்கும் இடத்தின் பெயர் கொலேஜ். நாம் நினைக்கும் கல்லூரி அல்ல.

15, 16 வயதில் வருகிற பிள்ளைகளுக்குத்தான் அதிகக் கவனம் தேவை. இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ.-க்குரிய பாடங்கள் பொதுவாக இயர் 10, 11 என இரண்டு ஆண்டுகளுக்கு நடக்கும். இயர் 11 நடுவில் சேர்ந்தால் தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கும். எந்தப் பாடங்களை எழுத முடியும், எதை விட வேண்டியிருக்கும் என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்துக்கு 30 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் அலகு) வேண்டும். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் என்பதைப் பள்ளிதான் மதிப்பிடும். கடைசித் தேர்வின் சான்றிதழ் மட்டும் போதாது. கிரேட் 9-க்கு இணையான வகுப்பு முதல் ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண் பட்டியலையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவாருங்கள். கிரெடிட் குறைவது தெரியாமலே இருந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் தெரியவந்தால் பிள்ளைக்கு ஓர் ஆண்டு வீணாகும்.

பல்கலைக்கழகத்தில் குழப்புவது சொற்கள். அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கும் ஃப்ரெஷ்மன், சோஃபோமோர், ஜூனியர், சீனியர் என்று பெயர். உயர்நிலைப் பள்ளியின் கிரேட் 9 முதல் 12 வரைக்கும் இதே பெயர்கள்தான். 'ஜூனியர்' என்று யாராவது சொன்னால், பள்ளியா பல்கலைக்கழகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளநிலைப் பட்டம் இங்கிலாந்தில் பெரும்பாலும் 3 ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஆனர்ஸோடு 4. 'காலேஜ்' இங்கிலாந்தில் 16 வயதுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிக்கும் இடமாகவும் இருக்கலாம். கனடாவில் பெரும்பாலும் தொழில்சார்ந்த டிப்ளமா தரும் நிறுவனம். 'கோர்ஸ்' என்றால் பிரிட்டனில் முழுப் பட்டப்படிப்பு, அமெரிக்காவில் ஒரே ஒரு பாடம். விண்ணப்பத்தில் 'எத்தனை கோர்ஸ் முடித்தீர்கள்' என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் கேட்டால், ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். பாடங்களை எண்ணி எழுதுங்கள்.