எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் இனிப்பு: எப்போது, எவ்வளவு, எதற்குப் பிறகு

இரைப்பை பைபாஸ் அறுவை முடிந்த ஐந்தாம் மாதம், ஒரு கல்யாணப் பந்தியில் அரைக் கிண்ணம் பாயசம் குடித்தேன். இலையை மடிப்பதற்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. மண்டபத்தின் பின்னறையில் முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தேன். நம் பந்தியில் இனிப்பை இலையோரத்தில் முதலில் வைப்பது வழக்கம். அறுவை செய்துகொண்டவர் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அன்று கற்றேன். அதைச் செய்யும் முறையைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் மருத்துவரும் உணவியலாளரும் சொன்னது இதற்கு மாறாக இருந்தால், அவர்கள் சொன்னதையே பின்பற்றுங்கள்.

படி 1: உங்களுக்குச் செய்யப்பட்டது எந்த அறுவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 சதவீதம் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒரு குழாய்போல விடப்படுகிறது. அதன் கீழ்வாய் அப்படியே இருக்கும். பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும் அமைக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் அந்தக் கீழ்வாயை உணவு கடப்பதே இல்லை. எனவே சர்க்கரைக் கரைசல் மொத்தமாகச் சிறுகுடலில் இறங்கி, இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் வரும் படபடப்பு, வயிற்றுவலி, பேதி எல்லாம் இதனால்தான். மருத்துவர்கள் இதை டம்பிங் என்பார்கள். இன்னொரு வகை 1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும்: வேகமாக ஏறிய சர்க்கரையைச் சமாளிக்க இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்துவிட, இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கி, கை நடுங்கி, தலை சுற்றும்.

டம்பிங் பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். சிலருக்கு வருவதே இல்லை. வராதவர்கள் தங்களை அதிர்ஷ்டசாலிகள் என்று நினைத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. அவர்களுக்கு எச்சரிக்கை மணி அடிப்பதில்லை, அவ்வளவுதான்.

படி 2: முதல் இரண்டு மாதம் இனிப்பை முழுமையாக விலக்குங்கள்

தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டி நீராகாரம், பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று மருத்துவமனை ஓர் அட்டவணை தந்திருக்கும். உள்ளே தையல் ஆறும் காலம் இது. நலம் விசாரிக்க வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் பழச்சாறும், குளுக்கோஸ் மாவும், மால்ட் பானப் பொடியும் நீராகாரம் என்ற பெயரில் நுழையும் சர்க்கரைதான்.

படி 3: புரதத்துக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அதை நம் சமையலறைக் கணக்கில் பார்த்தால்தான் இனிப்புக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது புரியும். இரண்டு முட்டையில் 12 கிராம், 300 மில்லி பாலில் ஏறக்குறைய 10, 50 கிராம் பனீரில் 9, 75 கிராம் சமைத்த மீனில் 16, ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7, 100 கிராம் தயிரில் 3 என்று கூட்டினாலும் 57தான் வருகிறது. ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் மட்டுமே கொள்ளும் வயிற்றில் இவ்வளவையும் நுழைப்பதற்கே நாள் முழுவதும் ஆகிவிடும். சைவ உணவுக்காரர்களுக்கு உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கும். போதாததை உணவியலாளர் சொல்லும் புரதப் பொடியால் நிரப்பலாம். சாம்பாரை நம்பாதீர்கள், அதில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம்.

தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் சோறு அல்லது இட்லி. 20 நிமிடமாவது மென்று சாப்பிட்டு, தண்ணீரை அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ரசமும் மோரும் இந்தக் கணக்கில் தண்ணீர்தான். கரைத்த மோர்சோறு வயிற்றில் தங்காமல் வழுக்கி இறங்கிவிடுவதால், சீக்கிரமே மறுபடி பசிக்கும்.

படி 4: இனிப்பை அளந்து, சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள்

உணவியலாளர் அனுமதித்த பிறகு, புரதமுள்ள சாப்பாடு முடிந்ததும், இரண்டு தேக்கரண்டி அளவு, வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கலாம். ஒரு தடவைக்கு 10 கிராம் சர்க்கரை என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. அது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சற்று மேல். பொட்டலத்தில் வாங்கினால், சேர்க்கப்பட்ட சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டே பிரியுங்கள்.

குடிக்கும் இனிப்பு எல்லாவற்றிலும் மோசம்: பாயசம், ரோஸ்மில்க், ஜிகர்தண்டா, கரும்புச்சாறு. அடுத்தது பாகில் ஊறிய ஜாங்கிரியும் குலாப்ஜாமுனும். மைசூர்பாகில் சர்க்கரையோடு நெய்யும் சேர்ந்திருப்பதால், விரல்நுனித் துண்டே போதும். கடலை மிட்டாயில் கொஞ்சம் புரதம் உண்டு என்றாலும் வெல்லமும் நிறைய. கூழாகும்வரை மெல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவை தீங்கற்றவை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் குடலுக்கு எல்லாமே சர்க்கரைதான் என்பதை நினைவில் வையுங்கள். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கப்படும் இனிப்புகளிலும் கவனம் தேவை: சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் மால்டிடால், சார்பிடால் போன்றவை வயிற்றை உப்ப வைத்துப் பேதியாக்கும், அந்த இனிப்புகளில் நெய்யும் கோவாவும் குறைவதுமில்லை.

ஆசை தலைதூக்கும் நாளில் நான் செய்வது இது. தயிரைத் துணியில் கட்டி இரவு முழுவதும் வடியவிட்டு, ஏலக்காய்ப் பொடியும் இரண்டு சிறு துண்டு மாம்பழமும் சேர்த்து அடித்துக்கொள்வேன். இனிப்பும் ஆயிற்று, புரதமும் ஆயிற்று.

படி 5: டம்பிங் வந்துவிட்டால்

உடனே வருவது என்றால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தானாகவே அடங்கும். தாமதமாக வரும் நடுக்கம் என்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சிறிதளவு சர்க்கரை எடுத்துக்கொண்டு, தேறியதும் புரதமுள்ள எதையாவது சாப்பிடுங்கள். பயத்தில் டம்ளர் டம்ளராகப் பழச்சாறு குடித்தால் அடுத்த சுற்று தொடங்கிவிடும். மயக்கம் வந்தாலோ, இது அடிக்கடி நடந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கர்ப்பகாலத்தில் குளுக்கோஸ் நீர் கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு அழைத்தால், பைபாஸ் செய்திருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு வழியில் பார்த்துக்கொள்வார்கள்.

படி 6: மாத்திரைகளும் பரிசோதனையும்

பல்வகை வைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவை ஆயுள் முழுவதும் தேவைப்படும். கால்சியம் சிட்ரேட்டாக இருப்பது நல்லது, ஏனெனில் அது இரைப்பை அமிலம் இல்லாமலும் உறிஞ்சப்படும். நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு தடவைக்கு 600க்கு மேல் போகாமல் பிரித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். காபி, டீயோடு இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காதீர்கள். வாந்தி நிற்காமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது; தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம்.

இரத்தப் பரிசோதனை வழக்கமாக 3, 6, 12ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் செய்யப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நோட்டைக் கொண்டுபோங்கள்: சாப்பிட்ட இனிப்பு, அளவு, அதற்கு முன் சாப்பிட்டது, எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று. என் நோட்டில் முதல் வரியாக இருப்பது அந்தக் கல்யாணப் பாயசம்தான். மூன்றாவது கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.