கடல்நீர் மறுசுழற்சித் தொட்டிக்கு நுண்ணுயிர் வடிகட்டியைப் பழக்குதல்

மண்டபம், பாம்பன் பக்கம் மறுசுழற்சித் தொட்டியில் (ஒரே நீரை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொட்டி) கொடுவாவோ கடல் விராலோ வளர்க்க நினைப்பவர்கள், குஞ்சு விடுவதற்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே வடிகட்டியை ஓடவிட வேண்டும். ஏனெனில் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உப்புநீரில் மெதுவாகவே பெருகும். மீன் இல்லாத இக்காலத்தில் நுண்ணுயிர்களுக்கு உணவாக, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா இருக்கும்படி அம்மோனியம் குளோரைடு சேர்த்து, நாள்தோறும் அளந்துவாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பலரும் பொறுமையிழப்பது இங்கேதான். சேர்த்த அளவு முழுவதும் ஒரே நாளில் நைட்ரேட்டாக மாறிய பிறகே குஞ்சு விடுங்கள். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாவதால், ஆப்பச் சோடாவால் ஈடுகட்டுங்கள். வடிகட்டி உருளைகளில் வழவழவென்று படியும், நுண்ணுயிர்கள் வாழும் பழுப்புப் படலத்தை அழுக்கென்று எண்ணிக் குளோரின் நீரில் கழுவிவிடாமல், தொட்டி நீரிலேயே இலேசாக அலசுங்கள்.