டொராண்டோ குளிருக்கு பேஸ்மென்ட்டில் எந்த ஹீட்டர் போடலாம்?

பேஸ்மென்ட்டைக் கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, தரைக்கு லேமினேட்டும் போட்ட பிறகுதான் நம்மவர்கள் பலர் எந்த ஹீட்டர் நல்லது என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். சுவரை மூடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

முதலில் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளியே மைனஸ் 20 அடித்தாலும் ஆழத்து மண் உறைவதில்லை, அதனால் மண்ணுக்குள் இருக்கும் சுவரின் அடிப்பகுதி அவ்வளவு மோசமில்லை. சூடு அதிகம் வெளியேறுவது நிலத்துக்கு மேலே தெரிகிற சுவர்ப் பகுதியிலும், பழைய ஜன்னல்களிலும், கான்கிரீட்டின் மேல் வீட்டின் மரச்சட்டம் உட்காரும் ரிம் ஜாயிஸ்ட்டிலும்தான். ரிம் ஜாயிஸ்ட்டை ஸ்ப்ரே ஃபோம் அடித்து அடையுங்கள். சுவரில் கான்கிரீட்டை ஒட்டிக் கெட்டியான ஃபோம் பலகை வைத்து, அப்புறம் ஸ்டட் (சுவருக்கான சட்டம்) நிறுத்துங்கள். பஞ்சு இன்சுலேஷனை நேரே கான்கிரீட்டில் ஒட்ட வைத்தால் அது ஈரம் பிடித்து உள்ளேயே பூஞ்சை வளரும். இதைச் சரியாகச் செய்தால் சின்ன ஹீட்டரே போதும்.

சரி, எவ்வளவு பெரிய ஹீட்டர்? சதுர அடிக்கு 10 வாட் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 600 சதுர அடிக்கு 6,000 வாட், அதாவது மணிக்குச் சுமார் 20,500 பிடியு (சூட்டை அளக்கும் அலகு). நன்றாக இன்சுலேஷன் செய்த பேஸ்மென்ட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது. எஃப்280 என்ற கனடா தர முறைப்படி வெப்ப இழப்பைக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள்.

மேல் வீட்டு கேஸ் ஃபர்னஸிலிருந்தே டக்ட் இழுப்பது, கீழேயும் உங்கள் குடும்பமே புழங்கினால் சரிவரும். ஆனால் சூடான காற்று சீலிங்கிலேயே நின்றுவிடும் என்பதால் காற்று வரும் வாய் வெளிச்சுவர் ஓரமாகத் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், திரும்பிப் போகிற ரிட்டர்ன் டக்ட்டும் தாழ்வாகக் கட்டாயம் வேண்டும். தெர்மோஸ்டாட் மேலே இருப்பதால், மேலே சூடேறியதும் ஃபர்னஸ் நின்றுவிடும், கீழே இருப்பவர்கள் விறைப்பார்கள். வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சமையல் வாசனையும், தீப்பிடித்தால் புகையும் ஒரே டக்ட்டில் போய்வரும். செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம், அதை மேல் வீட்டு தெர்மோஸ்டாட்டை நம்பிக் காப்பாற்றுவது கஷ்டம்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான்: ஹாலுக்கும் கிச்சனுக்கும் டக்ட் இல்லாத ஹீட் பம்ப், மூடிய படுக்கையறைகளுக்கு 240 வோல்ட் பேஸ்போர்ட் ஹீட்டர், அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட். பேஸ்போர்ட் மலிவாக வைக்கலாம், ஆனால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், வீடு முழுக்க அதையே வைத்தால் ஹைட்ரோ (கரண்ட்) பில் ஏறிவிடும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே கொண்டுவருவதால் மிதமான குளிரில் இரண்டு மூன்று மடங்கு தரும். குளிர் கூடக் கூட அதன் பலம் குறையும் என்பதால், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு மைனஸ் 15க்குக் கீழே எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். தரையோரம் வைக்கிற மாடல் கிடைத்தால் பேஸ்மென்ட்டுக்கு அதுதான் நல்லது. வெளி யூனிட்டைப் பனி மூடாத உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

தரைக்கடி ஹீட்டிங் சுகமானது, ஆனால் அடியில் இன்சுலேஷன் இல்லாவிட்டால் பாதிச் சூட்டை மண்ணுக்கே கொடுப்பீர்கள். பாத்ரூமுக்கு மட்டும் போடலாம்.

1,500 வாட் பிளக் ஹீட்டர் 12.5 ஆம்ப் இழுக்கும், 15 ஆம்ப் சர்க்யூட்டில் மணிக்கணக்காக ஓட விடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே வேண்டாம். புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய், புரொப்பேன் ஹீட்டரை உள்ளே கொளுத்தாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் இருக்கட்டும். பழைய ஃபர்னஸ் என்றால் அது எரியக் காற்று வேண்டும், அந்த அறையை இறுக அடைத்துவிடாதீர்கள்.

முடிந்தால் வேலை தொடங்கும் முன் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் ரேடான் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு) சோதனைக் கருவி வைத்துப் பாருங்கள். கனடாவின் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 200 பெக்கரல். அதைத் தாண்டினால் குழாய் போட்டு வெளியேற்றுவது தரை முடியும் முன் சுலபம்.

கடைசியாக மின்சார பேனல். 100 ஆம்ப் பேனலில் அடுப்பு, டிரையர் போக எவ்வளவு இடம் மிச்சம் என்று லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஒன்டாரியோவின் மின் பாதுகாப்பு அமைப்பான ஈஎஸ்ஏவுக்கு அறிவித்து வேலையை முடித்ததும் சான்றிதழை வாங்கி வையுங்கள், இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கக்கூடும்.